வாடைக்காற்றில் வைக்கோல் சிலந்தி: உக்ரேனிய நத்தார் அலங்காரப் பெட்டி திருகோணமலை வீட்டுக்கு ஒத்துவருமா?

உக்ரேனியக் கைவினைஞர்கள் இணையத்தில் விற்கும் நத்தார் அலங்காரப் பெட்டிகளில் நடுத்தர அளவான ஒன்றைத்தான் இங்கே பிரித்துப் பார்த்திருக்கிறோம். உள்ளே இருந்தவை: கூரையில் தொங்கவிடும் 'பவூக்' என்ற வைக்கோல் சிலந்தி செய்ய 40 ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) வைக்கோல் தண்டுகள், ஊசி, நூல், கட்டி முடித்த 'தீதுக்' கதிர்க்கட்டு ஒன்று, ஆறு வெட்டுக் கடதாசிகள், மடித்து வைத்த எட்டுமுனை நட்சத்திரம், 'ருஷ்நிக்' என்ற பெயரில் ஒரு துணி, தேன்மெழுகில் செய்த மெழுகுதிரி, ஒரு பிடி காய்ந்த புல். விற்றவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சாமான்களைப் பலரும் விற்கிறார்கள், குறைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பவூக் வாங்குங்கள். வெட்டுக் கடதாசி விருப்பமானால் வாங்குங்கள். கதிர்க்கட்டை வாங்க வேண்டாம். பெட்டியின் விலையில் பெரும்பகுதி அந்தக் கதிர்க்கட்டுக்குத்தான் போகிறது. தம்பலகாமத்து வயலில் ஒரு கை நெற்கதிர் கிடைத்தால் அதைவிட உண்மையான ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாம். அது ஏன், எப்படி என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

இந்த அலங்காரங்கள் பிறந்த இடத்தை முதலில் மனதில் வைக்க வேண்டும். உக்ரேனியக் கிராமத்து வீட்டில் மார்கழி மாதம் கதவு யன்னல் எல்லாம் அடைத்திருக்கும், உள்ளே பெரிய அடுப்பு எரியும், வெளியே உறைபனி. அறைக்குள் காற்று சூடாகவும் மிக உலர்ந்தும் இருக்கும். வைக்கோலும் கடதாசியும் அந்த வறட்சியில் விறைப்பாக நிற்கும். திருகோணமலையில் அதே மாதம் வாடைக்காற்றும் மழையும் ஒன்றாக வருகின்றன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையை அண்டிய வீடென்றால் காற்றில் உப்பும் சேரும். இந்தப் பெட்டியில் வந்த ஒவ்வொரு சாமானையும் இந்த ஈரத்தில் வைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறோம்.

பவூக்: பெட்டியின் உயிர்

பவூக் என்றால் சிலந்தி. வைக்கோல் தண்டுகளை நூலில் கோத்து, எட்டு முக்கோண முகமுள்ள எண்முகிகளாக்கி, பெரியதன் மூலைகளில் சிறியவற்றைத் தொங்கவிடுவார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலேயோ, திருவுருவங்கள் வைக்கும் மூலைக்கு அருகிலோ அது தொங்கும். அடுப்பின் சூட்டிலும், மேசையைச் சுற்றி இருக்கும் ஆட்களின் மூச்சிலும் மேலெழும் காற்றே அதைச் சுழற்றப் போதும். பண்டிகைக்கு ஒன்றுமே இல்லாத ஏழை வீட்டில் இரவோடு இரவாகச் சிலந்திகள் வலை பின்னின, விடியற்காலை வெளிச்சத்தில் அந்த வலை வெள்ளியாக மின்னியது என்று ஒரு நாட்டார் கதை உண்டு. நம் வீடுகளில் பண்டிகைக்கு முன் முதல் வேலையே ஒட்டடை அடிப்பது. அங்கே சிலந்தியையே செய்து கூரையில் ஏற்றுகிறார்கள். பின்லாந்தின் ஹிம்மெலி, லித்துவேனியாவின் சோதாய் இரண்டும் இதன் உறவுகள். சோதாய் செய்யும் கலையை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெட்டியில் வந்த ரை தண்டுகள் நல்லவை. ரை உயரமாக வளரும் பயிர். கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளி இருக்கும், குழல் உறுதியாக இருக்கும், மேல்தோலில் பொன் மினுக்கம் இருக்கும். 40 தண்டுகளில் பிளந்தவை, நசுங்கியவை, பழுப்புப் புள்ளி விழுந்தவை என்று கழித்ததில் 31 மிஞ்சின. இது தாராளம். 10 செ.மீ. பக்கமுள்ள பெரிய எண்முகி ஒன்று, 5 செ.மீ. பக்கமுள்ள சிறியவை ஐந்து என்று கணக்கெடுத்தால் எண்முகிக்கு 12 துண்டு வீதம் மொத்தம் 72 துண்டுகள் வேண்டும், நீளமாகச் சொன்னால் 4 மீற்றர் 20 செ.மீ. ஒவ்வொரு தண்டிலும் 25 செ.மீ. பயன்படும் என்பதால் 17 தண்டே போதும். மிச்சத்தை எறிந்துவிட வேண்டாம், துண்டுகள் உடையத்தான் செய்யும்.

நூலில்தான் கஞ்சத்தனம். தந்தது 5 மீற்றர் லினன் நூல். பெரியதற்கு 2 மீற்றர், சிறியவற்றுக்கு ஒவ்வொரு மீற்றர் என்று கோக்கவே 7 மீற்றர் போகும். தொங்கவிட இன்னும் ஒன்றரை மீற்றர் வேண்டும். குறைந்ததற்கு மெழுகு தேய்த்த பருத்தி நூல் சரிவரும். துறைமுக நகரம் என்பதால் மீன் பிடிக்கும் தங்கூசி நூல் எங்கும் கிடைக்கிறதே என்று அதில் கோக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். முடிச்சு வழுகும், அதைவிட, இழுத்து முடியும்போது தண்டின் விளிம்பை அறுத்து மூலையைக் கிழிக்கும். கூரையிலிருந்து தொங்கவிடும் கடைசி இழைக்கு மட்டும் தங்கூசி நல்லது, கண்ணுக்கும் தெரியாது.

வேலையைத் தொடங்க, தண்டுகளைச் சுற்றியிருக்கும் இலையுறையை உரித்து, கணுக்களுக்கு இருபுறமும் வெட்டி எறியுங்கள். உறை துளி மிஞ்சினாலும் பிறகு பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். பின் இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். வைக்கோல் மிதக்கும், மேலே ஒரு தட்டு வையுங்கள். ஊறியவற்றை ஈரத் துவாயில் சுற்றி வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து வேலை செய்யுங்கள். பெட்டியோடு வந்த குறிப்பு, இரவு முழுக்கத் துவாயில் வைக்கலாம் என்கிறது. குளிர் நாட்டில் சரியாக இருக்கலாம். இங்கே விடியும்போது புளித்த வாடை அடிக்கும், முனைகள் கறுத்துவிடும். அன்று வெட்டக்கூடிய அளவுக்கு மட்டும் ஊறப்போடுவதே வழி.

காய்ந்த தண்டில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். அலகு இரண்டும் குழலை நசுக்கிய பிறகே வெட்டுகின்றன. நசுங்கிய முனையிலிருந்து பிளவு மேலேறும். பலகையில் தண்டை வைத்து, கூரான பிளேட்டை மெல்ல அழுத்தி, தண்டை விரலால் உருட்டினால் முனை வட்டமாக வரும். நீளம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். 5 செ.மீ. துண்டில் 1 மி.மீ. வித்தியாசம் என்றாலே சதுரம் கோணும். ஒவ்வொரு முறையும் அளவுகோல் பிடிப்பதைவிட, ஒரு தென்னை ஈர்க்கில் 5, 10 செ.மீ. இரண்டையும் கீறி வைத்துக்கொள்வது வேகம். தடித்த தண்டுகள் பெரியதற்கு, மெல்லியவை சிறியதற்கு. ஒரே சிறிய எண்முகிக்கான 12 துண்டுகளும் கூடியவரை ஒரே தடிப்பில் இருக்கட்டும்.

கோக்கும் முறையைப் பெட்டிக் குறிப்பு ஒரு படத்தோடு முடித்துவிடுகிறது. அதைப் பார்த்துச் செய்ய முதல் தடவைக்காரருக்கு வராது. இப்படிச் செய்யுங்கள். நான்கு துண்டை நூலில் கோத்துச் சதுரமாக முடியுங்கள், நூலை வெட்ட வேண்டாம். சதுரத்தின் ஒரு பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து இரண்டு துண்டு கோத்து அடுத்த மூலையில் முடிந்தால் கூடாரம் போல ஒரு முக்கோணம் நிற்கும். நூலை அடுத்த பக்கத்துத் தண்டுக்குள் செலுத்தி எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கேயும் இரண்டு துண்டில் இன்னொரு கூடாரம். இரண்டு கூடாரங்களின் உச்சியையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போடுங்கள், மேல் பாதி முடிந்தது. திருப்பிப் பிடித்துக் கீழ்ப்பாதியையும் அப்படியே செய்தால் 12 துண்டில் எண்முகி எழும். எட்டுத் துண்டு வரை கையில் தொளதொளவென்று ஆடுவதைப் பார்த்து அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள். கடைசி முடிச்சு விழும் கணத்தில் முழு உருவமும் தானாக விறைத்து எழும். எட்டு முகமும் முக்கோணம் ஆகிவிடுவதால் கோணுவதற்கு இடமே இல்லை. அந்தக் கணம் கையில் உணரும்போது, இத்தனை நூற்றாண்டாக இதை ஏன் செய்கிறார்கள் என்பது விளங்கும்.

தந்திருக்கும் ஊசி 6 செ.மீ. நீளம். 10 செ.மீ. துண்டுக்குள் போனால் முழுதாக மறைந்துவிடும். தண்டைச் செங்குத்தாகப் பிடித்தால் கீழே விழும், ஆனால் ஈரத் தண்டில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய செப்புக் கம்பியை 30 செ.மீ. எடுத்து இரண்டாக மடித்து, மடிப்புக்குள் நூலை விட்டால் சிக்கல் இல்லை. முடிச்சை இழுக்கும்போது தண்டின் முனைகள் ஒன்றோடொன்று முட்டாமல் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். முட்டினால் தண்டு காய்ந்து சுருங்குகையில் ஒன்று மற்றதைத் தள்ளிப் பிளக்கும்.

பெரியதன் சதுர மூலைகள் நான்கிலும் ஒவ்வொரு சிறியது, அடி முனையில் ஐந்தாவது. 10 செ.மீ. எண்முகியின் உச்சியிலிருந்து அடிவரை 14 செ.மீ. சொச்சம்; சிறியது அதில் பாதி, 7 செ.மீ. மூலைகளுக்கிடையே 10 செ.மீ. இருப்பதால் சிறியவை ஒன்றையொன்று இடிக்காமல் ஆடும். தொங்கவிட்டதும் ஒரு பக்கம் சரிந்தால் எடை ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். எதிர் மூலைச் சிறியவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரிந்தால் உயர்ந்து நிற்கும் மூலையில் பெட்டியோடு வந்த சிவப்புக் கம்பளிக் குஞ்சத்தைக் கட்டுங்கள். குஞ்சங்களை முதலிலேயே எல்லா மூலையிலும் கட்டச் சொல்கிறது குறிப்பு. கடைசிவரை வைத்திருந்து எடை சரிபார்க்கப் பயன்படுத்துவதே நல்லது.

இனி எங்கே தொங்கவிடுவது? நம் வீட்டில் அறையின் நடு என்றால் காற்றாடி இருக்கும். காற்றாடிக்குக் கீழே ஓர் இரவு போதும், ஆறு எண்முகியின் நூலும் ஒரே கயிறாக முறுகிவிடும். பிரிக்கப் போனால் தண்டு உடையும். காற்றாடியிலிருந்து 2 மீற்றராவது தள்ளி, வாடை நேரே அடிக்காத சுவரின் பக்கம் பாருங்கள். சுரூபங்கள் வைத்திருக்கும் தட்டுக்கு மேலான மூலை பெரும்பாலும் இதற்குப் பொருந்தும், மரபுக்கும் அதுவே கிட்ட. பெட்டியில் தந்த கொக்கி இரும்பில் பூச்சுப் பூசியது. கடல் காற்றில் மூன்று வாரத்தில் கறள் கட்டி, கறள்நீர் நூல் வழியாக இறங்கி உச்சித் தண்டைப் பழுப்பாக்கியது. பித்தளைக் கொக்கி போடுங்கள்.

பூஞ்சணம் முதலில் வெட்டிய முனைகளில் கரும்புள்ளியாகத் தெரியும். அப்போதே சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்தினால் நிற்கும். வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறாது என்று நினைக்கலாம். அடித்தால் மஞ்சளிக்கும், கனம் கூடும், இயற்கை மினுக்கம் போய்விடும். குழலின் உட்புறம் பூச்சில்லாமலே இருப்பதால் ஈரம் அவ்வழியாக ஏறத்தான் செய்யும்.

தீதுக்: பெட்டியில் வந்தது, வயலில் இருப்பது

'தீது' என்றால் உக்ரேனிய மொழியில் தாத்தா. கோதுமை, ரை, ஓட்ஸ் கதிர்களைச் சேர்த்துக் கட்டும் கற்றைதான் தீதுக். அறுவடையில் எடுத்து வைத்த கதிரை நத்தாருக்கு முந்தின மாலை, அதாவது 'ஸ்வியாத் வேச்சிர்' அன்று, வீட்டுக்காரர் உள்ளே கொண்டுவந்து திருவுருவ மூலையில் நிறுத்துவார். பண்டிகை நாட்களில் குடும்பத்தின் முன்னோர் அந்தக் கதிரில் வந்து தங்குவதாக நம்பிக்கை. பண்டிகை முடிந்ததும் வைக்கோலை எரிப்பார்கள், மணியை உதிர்த்து வசந்த விதைப்புக்கு வைத்துக்கொள்வார்கள். புதிர் எடுப்பதும், வாசலில் நெற்கதிர்க் குஞ்சம் தொங்கவிடுவதும் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதை நினைத்துக்கொண்டு பெட்டியில் வந்த கதிர்க்கட்டைப் பாருங்கள். உயரம் 28 செ.மீ. தூரத்தில் அழகு. கிட்டத்தில், கதிர்களுக்கு நடுவே சூட்டுப் பசை கட்டியாக உறைந்திருக்கிறது. சாயம் தோய்த்த அலங்காரப் புல் பாதி இடத்தைப் பிடித்திருக்கிறது. கதிர்களில் மணி இல்லை, வெறும் சொங்கு. மணி இல்லாததற்குக் காரணம் உண்டு. விதையுள்ள கதிர் வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அனுமதியில்லாமல் வந்தால் தடுத்து வைப்பார்கள். அது நியாயமான சட்டம், நம் வயல்களுக்காக இருப்பது. ஆனால் மணி இல்லாத தீதுக்கை எந்த விதைப்புக்கு வைப்பது? யாருடைய வயலின் கதிர் அது? பணம் கொடுத்து வாங்கத் தகாதது இந்த ஒன்றுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

நெல்லில் கட்ட முடியும். காலத்தைத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மார்கழியில் பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும். நத்தாருக்கு வேண்டிய கதிரை ஆவணி, புரட்டாதியில் சிறுபோக அறுவடையிலேயே எடுத்து வைக்க வேண்டும். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நீர்ப்பாய்ச்சலில் சிறுபோகம் செய்கிறார்கள். வெட்டு மெஷின் இறங்கிய வயலின் வைக்கோல் நசுங்கிக் கிடக்கும், உதவாது. வரம்போரமாக ஒரு பாய் அகலத்தை விடச் சொல்லி, முழு விளைச்சலுக்கு ஐந்தாறு நாள் முன்னதாக, கதிரின் கடைசி மணிகள் இன்னும் இளம்பச்சையாக இருக்கும்போதே அரிவாளால் அடியோடு அறுங்கள். முற்றவிட்டால் கட்டும்போது மணி கொட்டும். பிஜி என்று தொடங்கும் புதிய நெல்லினங்கள் குட்டை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெட்டை இனம் கிடைத்தால் விடாதீர்கள். 40 செ.மீ. உயரக் கட்டுக்கு 250 முதல் 300 கதிர்.

அந்த மாதங்களில் அடிக்கும் கச்சான் காற்றுதான் நமக்குக் கிடைத்த உலர்த்தி. கதிர்களைப் பிடிபிடியாகக் கட்டி, தலைகீழாக, நிழலில் 7 முதல் 10 நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் வெளுத்து நொறுங்கும். உலர்ந்ததைப் பொலித்தீன் பையில் இறுக்கி மூன்று நாள் உறைபெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சியும் வண்டும் முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் வியர்வை பைக்கு வெளியேதான் நிற்கும்.

ரை கதிர் நிமிர்ந்து நிற்கும், நெற்கதிர் தலை சாய்க்கும். அதனால் வடிவம் வேறு. உள்ளே கதிரில்லாத விறைப்பான தண்டு 40 எடுத்து நடுத்தூணாகக் கட்டுங்கள். தண்டுகளின் அடிப்பாதியை மட்டும் ஈரத்துணியால் 20 நிமிடம் சுற்றிவைத்துப் பதமாக்குங்கள், கதிரில் நீர் படக்கூடாது. தூணைச் சுற்றி 60 கதிர், ஒரு கட்டு. அதற்கு வெளியே இரண்டு விரல் தாழ்வாக 80, இன்னொரு கட்டு. மூன்றாவது சுற்று இன்னும் தாழ்வாக மிச்சம் எல்லாம். மூன்று சுற்றும் ஒரே இடுப்பில் இறுக வேண்டும். பின் அடித்தண்டுகளை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடியிலிருந்து 5 செ.மீ. மேலே கட்டி, முனைகளை மட்டமாக வெட்டினால் மூன்று காலில் நிற்கும். நான்கு கால் வைத்தால் ஒன்று எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதில் எல்லோருக்கும் நடக்கும் பிழை ஒன்று: முதல் நாளே அழகான சிவப்பு நாடாவால் கட்டி முடித்துவிடுவது. பதமான தண்டு காயும்போது சுருங்கும், மூன்றாம் நாள் கட்டு தளர்ந்து நடுக்கதிர்கள் வழுகி இறங்கும். முதலில் தும்புக் கயிறு. மூன்று நாள் கழித்து அதை இறுக்கி, இன்னும் இரண்டு நாள் பார்த்து, பிறகே நாடா. நிறுத்துவது தரையில் வேண்டாம், எலி வரும். பாலன் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வையுங்கள். குடிலில் ஏற்கெனவே வைக்கோல் போடுகிற வீட்டில் அது அந்நியமாகவே தெரியாது.

வெட்டுக் கடதாசிகள்

விதினாங்கா என்பது மடித்து வெட்டிய கடதாசி. வாழ்க்கை மரம், எதிரெதிரே இரு பறவை, நட்சத்திரம், தேவதூதர் என்று ஆறு வந்தன. வடிவங்கள் மரபானவை, வெட்டு மரபானதல்ல. விளிம்புகளில் மெல்லிய பழுப்புக் கருகலும் புகை மணமும் இருக்கின்றன, லேசரில் வெட்டியது. கையால் வெட்டியதென்றால் நடுவில் மடிப்புக் கோடு தெரியும். இடமும் வலமும் மயிரிழை மாறும். அந்த மாற்றத்தில்தான் பறவைக்கு உயிர் வருகிறது. விளம்பரத்தில் கைவேலை என்று போட்டிருந்ததால் இதைக் குறையாகவே எழுதுகிறோம்.

யன்னல் கண்ணாடியில் ஒட்ட, கஞ்சியோ மாப்பசையோ வேண்டாம், எறும்பும் கரப்பானும் வரும். வெள்ளைச் சவர்க்காரத்தை லேசாக நனைத்துக் கடதாசியின் பின்புறம் தேய்த்து, உட்பக்கமாக ஒட்டி, உலர்ந்த துணியால் நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள். பண்டிகை முடிந்து ஈரத்துணியால் துடைத்தால் கறையில்லாமல் வரும். மழைச்சாரல் படும் யன்னலைத் தவிருங்கள்.

நீங்களே வெட்டுவதென்றால் 120 கிராம் கடதாசியை ஒரு தடவை மட்டும் மடியுங்கள். உள் துளைகளை முதலில், வெளி விளிம்பைக் கடைசியில் வெட்ட வேண்டும். விளிம்பு முதலில் போனால் பிடித்துக்கொள்ள இடமிருக்காது. இரண்டு துளைக்கு நடுவே விடும் பாலம் இங்கே 4 மி.மீ. வேண்டும். பெட்டியில் வந்தவற்றில் 2 மி.மீ. பாலங்கள் இருந்தன, ஈரத்தில் கடதாசி தொய்ந்து, தேவதூதரின் இரு சிறகும் மடங்கின.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நட்சத்திரம், வீடு வீடாகப் பாடிப் போகிறவர்கள் கம்பில் ஏந்தும் எட்டுமுனை நட்சத்திரத்தின் சிறிய உரு. 3 மி.மீ. ஒட்டுப்பலகை ஒரு வாரத்தில் வளைந்தது. மூங்கில் சிலாகையில் நட்சத்திரக்கூடு கட்டத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஐந்து முனையை எட்டாக்கச் சொன்னால் இதைவிடப் பலமாகக் கட்டித் தருவார்கள். துணி, அச்சடித்த பொலியெஸ்டர். ருஷ்நிக் என்றால் கைத்தையலோ, க்ரோலேவெத்ஸ் ஊரின் சிவப்பு நெசவு போல நெய்ததோ ஆக இருக்க வேண்டும். இதைத் திருவுருவத்தின் மேல் போட மனம் வராது. காய்ந்த புல், மேசைவிரிப்பின் கீழே பரப்புவதற்கு, மேசையின் நான்கு மூலைக்கும் பூண்டுப்பல் வைப்பதும் அந்த வழக்கத்தைச் சேர்ந்தது. புல் வரும்போதே முடை நாற்றம். நல்ல வைக்கோல் ஒரு பிடி போதும்.

மெழுகுதிரி அருமையானது. பின்னல் ரொட்டி வளையம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் ஏற்றுவது இது. மேலே வெண்பூச்சாகத் தெரிவது பூஞ்சணம் இல்லை, தேன்மெழுகு இயல்பாக விடும் பூப்பு. மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகி வளையும். வழியில் வளைந்து வந்ததை இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் கிடத்தி, பலகையில் உருட்டினால் நிமிர்ந்துவிடும்.

குறிப்புத் தாளில் ஒரு திருத்தம். ஸ்வியாத் வேச்சிர் ஜனவரி 6 என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அது பழைய நாட்காட்டி. 2023 செப்டெம்பர் 1 முதல் உக்ரேனின் ஓர்த்தடொக்ஸ் திருச்சபையும் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையும் புதிய நாட்காட்டிக்கு மாறின. அரசும் அதே ஆண்டு நத்தார் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றியது. ஆகவே கதிர்க்கட்டை உள்ளே கொண்டுவரும் மாலை இப்போது டிசம்பர் 24, நம் நத்தார் நடுச்சாமப் பூசைக்கு முந்தின அதே மாலை.

மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிறகு எல்லாவற்றையும் இறக்கலாம். தீதுக்கின் நெல் மணியைச் சிறுபோக விதைநெல்லோடு கலந்துவிடுங்கள், வயல் இல்லாதவர்கள் குருவிக்குப் போடுங்கள். வைக்கோலை மழை விட்ட நாளில் எரிக்கலாம். பவூக்கைப் பெட்டியில் படுக்க வைத்தால் அடுத்த வருடம் நசுங்கிய சதுரம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டி எடுத்து, மூடியின் நடுவில் துளையிட்டு, அதன் சொந்த இழையை மேலே இழுத்து ஈர்க்குத் துண்டில் சுற்றிவிடுங்கள். உள்ளே அது தொங்கிக்கொண்டே இருக்கும். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி 200 கிராமைத் துணியில் முடிந்து அடியில் வையுங்கள், மாசியில் ஒரு தடவை அரிசியை மாற்றுங்கள். கச்சான் எழும்பியதும் மூடியைத் திறந்து ஒரு பகல் காற்றாட விடுங்கள். அப்போதே முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டால், உடைந்த தண்டுக்கு மாற்றுத் தண்டு தேட நத்தார் வரை நாள் இருக்கும்.